உழைப்பை அளந்த அறிஞர் எர்ன்ஸ்ட் அபே

தொழிலாளியை எவ்வளவு அதிக நேரம் நிறுத்தி வேலை வாங்குகிறோமோ அவ்வளவு அதிகமாகப் பொருள் உற்பத்தியாகும் என்பது ஆலை முதலாளிகள் பலருக்கு நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. இது பார்வைக்குக் கணக்கைப்போலத் தோன்றுவதால், இதை மறுக்க முற்படுவோர் தயையையும் தருமத்தையுமே துணைக்கு அழைக்கின்றனர். தருமம் பேசுகிறவரைக் கண்டால் வியாபாரி மரியாதையாகத் தலையசைப்பான். அவர் போனபின் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொள்வான். ஆகையால், கணக்குப் புத்தகத்தைக் கொண்டே அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிய ஒருவருடைய சரித்திரத்தை நம் ஜனங்கள் அறிந்துகொள்வது அவசியமாகும். அவர் தொழிற்சங்கத் தலைவர் அல்லர், கலகக்காரரும் அல்லர். பேர்பெற்ற பௌதிக சாஸ்திரி. பெரியதொரு தொழிற்சாலைக்கு உரிமையாளர். ஜெர்மனி தேசத்தில் யேனா நகரில் வாழ்ந்த எர்ன்ஸ்ட் அபே என்பாரே அவர்.

அபே 1840-ம் வருஷம் ஜனவரி மாதம் 23-ந் தேதி ஐஸனாக் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் நூற்பு ஆலையில் கூலிக்கு உழைத்தவர். சாதாரண காலங்களில் காலை ஐந்து மணி முதல் மாலை ஏழு மணி வரையில் பதினான்கு மணி நேரமும், வேலை மிகுந்த காலங்களில் காலை நான்கு முதல் இரவு எட்டு வரையில் பதினாறு மணி நேரமும் அவர் யந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே வேலை செய்தார். மத்தியான போஜனத்துக்கென்று இடைவேளை கிடையாது. ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரையில் அபேயும் அவருடைய சகோதரியும் முறைவைத்துக்கொண்டு வீட்டிலிருந்து உணவு கொண்டுபோவார்கள். தகப்பனார் யந்திரத்திலோ பெட்டியிலோ சாய்ந்தவண்ணம் அவசர அவசரமாக உண்டு, காலிப் பாத்திரத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு உடனே வேலைக்குத் திரும்புவார். அவர் உயர்ந்த ஆகிருதியும் திடகாத்திரமும் படைத்த மனிதர். அப்படிப்பட்டவர் நாற்பத்தெட்டு வயதில் தோற்றத்திலும் நடையிலும் கிழவராகிவிட்டார். அவ்வளவு வலிமையில்லாத மற்றத் தொழிலாளிகளோ முப்பத்தெட்டு வயதிலேயே கிழவரானார்கள். பிற்காலத்தில் செல்வமும் கீர்த்தியும் வந்தபோதும் அபே இந்தக் காட்சியை மறக்கவில்லை. மறக்காததோடு, அறிஞர் சபையில் அதை வெளிப்படையாகச் சொல்லவும் கூசவில்லை.

தகப்பனாரின் தியாகத்தாலும் ஆலை முதலாளியின் உதவியாலும் சிறுவன் உயர்தரக் கல்வி பெற்றான். யேனா, கெட்டிங்கன் ஆகிய இரண்டு சர்வகலாசாலைகளிலும் கணிதமும் பௌதிகமும் பயின்று, 1861-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1863-ல் யேனாவிலேயே உபாத்தியாயராக அமர்ந்தார். அந்நகரில் கார்ல் ஜைஸ் என்பவர் 1846-ல் ஒரு சிறு பட்டறை வைத்து மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடிகளைச் செய்து விற்றுவந்தார். அக்காலத்தில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துத் தேய்த்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, நன்றாக அமைந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவதே தொழில்முறை. கைப்பழக்கத்தை நம்பாமல் கணிதத்தைக் கொண்டே வில்லைகளைச் செய்ய வேண்டும் என்று விரும்பிய ஜைஸ், 1866-ல் இளைஞரான அபேயின் உதவியை நாடினார்.

முதலில் கணக்கிட்டுச் செய்த வில்லைகள் பழைய வில்லைகளைவிட மோசமாயிருந்தன. வேறொருவர் கணிதம் அநுபவத்துக்கு உதவாது என்று கைவிட்டிருப்பார். அபே தம் கணக்கை விடாமல், தவறு எங்கே என்று தேடினார். வெளிச்சத்தின் அலைத் தன்மையே நுட்பமான பொருள்களின் உருவத்தை ஆக்குகிறது என்றும், அதனால் எந்தப் பூதக்கண்ணாடிக்கும் ஓர் எல்லை உண்டு என்றும் கண்டு, அவ்வுண்மையை 1873-ல் பிரசுரித்தார். அது முதல் யேனாவின் கருவிகளுக்கு இணையில்லாமற் போயிற்று. 1882-ல் ராபர்ட் காக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்தபோது அவருக்கு உதவியவை அபே வகுத்த கருவிகளே. 1876-ல் அவர் ஜைஸின் பங்காளியானார். கண்ணாடி வார்ப்பதில் நிபுணரான ஆட்டோ ஷாட் என்பவருடன் கூடி 1884-ல் யேனாவில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றையும் ஸ்தாபித்தார்.

கார்ல் ஜைஸ் 1888-ல் காலமானார். அப்போது அபேயின் செல்வம் பெரிது. அவர் அதைக் கொண்டு செய்த காரியம் உலகத்தார் வியக்கத்தக்கது. 1889-ல் ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, 1891-ல் தொழிற்சாலையில் தமக்கிருந்த உரிமையை அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டார். தம் பெயரை வைக்காமல், தம்மைத் தேடிவந்து தொழிலில் சேர்த்த ஜைஸின் பெயரையே அதற்கு இட்டார். உரிமையைத் துறந்தபின் தாம் அந்த ஸ்தாபனத்தின் நிர்வாகிகளில் ஒருவராக இருந்து சம்பளத்துக்கு வேலை செய்தார்.

1896-ல் அந்த ஸ்தாபனத்துக்கு அவர் வகுத்த சாசனத்தை நம்மைப்போல் சட்டம் பயின்றவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். முதலாளியின் கிருபையால் தொழிலாளிக்குக் கிடைத்துவந்த சலுகைகளை அது உரிமைகளாக மாற்றிற்று. வேலை நேரம் ஒன்பது மணிக்கு மேற்படலாகாது, சம்பளத்துடன் விடுமுறை உண்டு, பென்ஷன் உண்டு, காரணமின்றி விலக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு உண்டு, உத்தியோகம் கொடுப்பதில் பிறப்பு, மதம், கட்சி ஆகியவற்றைப் பார்க்கலாகாது, நிர்வாகிகளில் எவருடைய சம்பளமும் அநுபவம் பெற்ற தொழிலாளிகளின் சராசரி ஊதியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேற்போகக் கூடாது. கிருபை கொடுத்தவன் மாறினால் போய்விடும். சாசனம் அப்படிப் போகாது. இந்த வித்தியாசத்தை அபே நன்கு அறிந்திருந்தார்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். ஒன்பது மணி வேலையை எட்டு மணியாகக் குறைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தர்ம ஸ்தாபனமேயானாலும் அது சந்தையில் போட்டி போட்டு விற்றாக வேண்டிய தொழிற்சாலை. உற்பத்தி குறைந்தால் ஸ்தாபனமும் குன்றும். அதை நம்பிய ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகளும் குன்றுவார்கள். ஆகவே அபே முதலில் தொழிலாளிகளையே கேட்டார். ஒன்பது மணியில் செய்யும் வேலையை எட்டு மணியில் செய்து முடிக்க முடியுமா, அதற்கு அவர்கள் இசைவார்களா என்று வோட்டு எடுத்தார். மிகப் பெரும்பாலோர் முடியும் என்றார்கள். அதன்மேல் 1900-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதியிலிருந்து, ஒரு வருஷம் பரீக்ஷையாக, எட்டு மணி வேலை ஆரம்பமாயிற்று.

வருஷம் முடிந்ததும் அவர் கணக்கெடுத்தார். கணக்கெடுத்த முறை ஒரு நல்ல நியாயாதிபதி சாட்சியத்தை ஆராயும் முறையை ஒத்தது. செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர்களிலும் வயது வந்தவர்களாய், தொழிலில் சில வருஷங்கள் பழகியவர்களாய், மாறுதலுக்கு முந்திய வருஷமும் பிந்திய வருஷமும் தொடர்ந்து அதே வகையான வேலையில் இருந்தவர்களாய்ப் பொறுக்கினார். அப்படிப் பொறுக்கியதில் 233 பேர் தேறினர். உருப்படிக்குக் கொடுக்கும் விகிதத்தை மாற்றவில்லை. விகிதம் மாறாதபோது, ஒருவன் மணிக்கு எவ்வளவு சம்பாதித்தானோ அதுவே அவன் மணிக்கு எவ்வளவு வேலை செய்தான் என்பதற்கு அளவாகும். சம்பளப் புத்தகமே சாட்சி. அந்தச் சாட்சிக்கு இரு கட்சியிலும் பக்ஷபாதம் கிடையாது.

சாட்சி சொன்னது இது. ஒன்பது மணி வேலை நடந்த வருஷத்தில் அந்த 233 பேரும் சராசரியாக மணிக்கு 61.9 பென்னிக் சம்பாதித்தார்கள். எட்டு மணி வேலை நடந்த வருஷத்தில் மணிக்கு 71.9 பென்னிக் சம்பாதித்தார்கள். இது நூற்றுக்கு 16.2 உயர்வு. நேரம் குறைந்ததால் உண்டாகும் நஷ்டத்தை ஈடுசெய்ய நூற்றுக்கு 12.5 உயர்ந்தாலே போதும். நாளொன்றுக்குக் கணக்கிட்டால், முன்பு ஒன்பது மணியில் சுமார் 557 பென்னிக் பெறுமான வேலை. பின்பு எட்டு மணியில் சுமார் 575 பென்னிக் பெறுமான வேலை. அதாவது, ஒரு மணி நேரம் குறைந்த நாளில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் அதிக வேலை நடந்திருக்கிறது! அபே அதோடு நிற்கவில்லை. வயது வாரியாகவும் தொழில் வாரியாகவும் பிரித்துப் பார்த்தார். உயர்வு ஒரு வகுப்பாருக்கு மட்டும் உரியதாக இல்லாமல் பொதுவாகவே காணப்பட்டது. யந்திரங்கள் உட்கொண்ட மின்சார சக்தியையும் அளந்து பார்த்தார். அதுவும் சம்பளப் புத்தகத்தின் சாட்சியத்தையே உறுதிப்படுத்திற்று.

இதற்கு ஆக்ஷேபணை கூறுவாரும் உளர். தினக்கூலி குறைந்துவிடுமோ என்ற பயத்தால் தொழிலாளிகள் விழுந்து விழுந்து வேலை செய்திருப்பார்கள் என்பர். பயத்தால் ஒரு வாரம் ஓடலாம். ஒரு மாதமும் ஓடலாம். ஒரு வருஷம் முழுதும் ஓட முடியுமா? முதல் சில தினங்களில் தொழிலாளிகள் வேண்டுமென்றே வேகமாக வேலை செய்து களைத்தது உண்மையே. பிறகு தாங்கள் பழைய நிதானத்துக்கே திரும்பிவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள். ஆனால் வேகம் குறையவில்லை என்பதைக் கணக்கு காட்டிற்று. அவர்கள் அறியாமலே தேகம் தனக்குரிய புதிய நடையைக் கண்டுகொண்டது. மேலும், அதிக நேரம் வேலை செய்யும் காலத்திலும் உருப்படிக் கூலியின் ஆசை இருக்கத்தானே செய்கிறது? அப்படியிருந்தும் அவசர காலத்தில் கூடுதல் நேரம் வேலை வாங்கினால், முதல் வாரத்தில் காணும் லாபம் அடுத்தடுத்த வாரங்களில் தேய்ந்து மறைகிறதென்பது அபேயின் அநுபவம். ஆசையினாலேயே வேலை நடக்குமாயின் அந்த லாபம் ஏன் தேய வேண்டும்? மனம் விரும்பினாலும் தேகம் இடங்கொடுப்பதில்லை என்பதே காரணம்.

தேகம் ஏன் இடங்கொடுப்பதில்லை என்பதை 1901-ல் யேனாவில் அறிஞர் சபையொன்றில் நிகழ்த்திய இரண்டு பிரசங்கங்களில் அபே விளக்கினார். உழைப்பவனுடைய களைப்புக்கு மூன்று காரணங்கள் உண்டு என்பது அவர் கொள்கை. ஒன்று, செய்த வேலையின் அளவு. இரண்டு, அதைச் செய்த வேகம். மூன்று, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், இரைச்சலின் நடுவே ஒரே நிலையில் நிற்பதற்கும், கண்ணும் கருத்தும் சிதறாமல் காப்பதற்கும் செலவாகும் சக்தி. யந்திரம் ஒன்றும் நூற்காமல் வெறுமனே சுழன்றாலும் நிலக்கரி எரிகிறதல்லவா? அதைப்போன்றதே இந்த மூன்றாவது செலவு. நேரத்தைக் குறைத்தால் இந்த வீண் செலவு மிச்சமாகிறது. மிச்சமான சக்தி வேலையிற் சேர்கிறது. வேகம் கூடுவதால் உண்டாகும் களைப்பைவிட இந்த மிச்சம் அதிகமாயிருக்கும் வரையில் நேரத்தைக் குறைப்பது லாபம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு மனிதனுக்கும் அந்த எல்லை வேறுபடும். ஆனால் பெரும்பாலான தொழில்களில் எட்டு மணி என்பது அந்த எல்லையைத் தாண்டியதல்ல என்று அவர் துணிந்தார்.

இதில் மற்றொரு சூக்ஷ்மமும் அடங்கியிருக்கிறது. ஒரு நாளில் செலவான சக்தி அடுத்த நாள் வேலை தொடங்குமுன் முற்றிலும் திரும்பி வந்தாக வேண்டும். தினந்தோறும் ஒரு சிறு பாக்கி நின்றாலும் அது கடனைப்போல் வளரும். வட்டி ஏறிய கடன் குடும்பத்தை விழுங்குவதுபோல, ஏறிய களைப்பு மனிதனை விழுங்கும். நாற்பத்தெட்டு வயதில் கிழவராய்ப்போன ஒரு நூற்பாளியின் மகன் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்து அறிந்திருப்பாரா?

ஆலைக் கணக்கோடு அபேயின் நோக்கம் முடிந்துவிடவில்லை. வேலை முடிந்ததும் தூங்க மட்டும் தெம்புள்ளவன் நல்ல தகப்பனாகவும் இருக்க முடியாது; நல்ல பிரஜையாகவும் இருக்க முடியாது என்பது அவர் துணிவு. ஜனங்களுக்காக இலவச வாசகசாலை ஒன்று யேனாவில் 1896-ல் ஏற்பட அவர் பெரிதும் உதவினார். அரசாங்கத்தாருக்குப் பிடிக்காத கட்சியாருக்குக் கூட்டம் கூட இடம் மறுக்கப்பட்ட அந்நாளில், எக்கட்சியாரும் கூடுவதற்குரிய ஜனமண்டபம் ஒன்று அவர் முயற்சியால் 1903-ல் எழுந்தது. தம் பெயரை வெளியிடாமலே சர்வகலாசாலைக்கும் பெரும்பொருள் உதவிவந்தார்.

பிறர் உழைப்புக்கு எல்லை கண்ட இப்பெரியவர் தம் உழைப்புக்கு எல்லை வைத்துக்கொள்ளவில்லை. பகலில் தொழிற்சாலை, இரவில் சாஸ்திர ஆராய்ச்சி என்று பல்லாண்டுகள் ஓய்வின்றி உழைத்துத் தூக்கத்தை இழந்தார், நரம்புகள் தளர்ந்தன. 1903-ல் நிர்வாகத்திலிருந்து விலகினார். 1905-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி, அறுபத்தைந்து வயது நிறையச் சில தினங்களே இருக்கையில், யேனாவில் காலமானார். அவர் கொள்கைக்கு அவர் தேகமே கடைசிச் சாட்சியாயிற்று என்று சொல்வது கடுமையாயினும் உண்மை. 1911-ல் யேனாவில் அவருக்கு எழுப்பிய ஞாபக மண்டபத்தில் அவருடைய சிலையுடன், பெல்ஜிய சிற்பி கான்ஸ்டன்டின் மெனியே செதுக்கிய தொழிலாளர் உருவங்களும் அமைந்திருப்பது மிகப் பொருத்தம்.

பிற்கால ஆராய்ச்சிகள் அவர் கணக்கை நிலைநாட்டியே இருக்கின்றன. முதல் மகாயுத்தத்தில் இங்கிலாந்தின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு எழுபது மணிக்கு மேலும் வேலை வாங்கினார்கள். அப்போது சேர்த்த புள்ளிகளை ஜான் பென்காவல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2014-ல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி வரையில் நேரத்துக்கேற்ப உற்பத்தி உயர்கிறதென்றும், அதன்பின் உயர்வு சுருங்குகிறதென்றும், 70 மணி உழைத்தவர் செய்ததற்கும் 56 மணி உழைத்தவர் செய்ததற்கும் அதிக வித்தியாசமில்லையென்றும் அவர் கண்டார். அதாவது பதினான்கு மணி நேரம் தொழிலாளியின் வாழ்நாளிலிருந்து பிடுங்கப்பட்டது. தேசத்துக்கு அதனால் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஜெர்மனியில் 1918-ல் எட்டு மணி வேலை சட்டமாயிற்று. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு அதை உலகத்துக்கே பொதுவிதியாக வகுத்தது. நம் நாட்டில் 1922-ல் வாரத்துக்கு 60 மணியும், 1934-ன் சட்டப்படி 54 மணியும், 1946-ல் 48 மணியுமாகப் படிப்படியாகக் குறைந்து, சுதந்திர இந்தியாவின் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் அந்த 48 மணி நிலைபெற்றது. ஒவ்வொரு படியிலும் உற்பத்தி பாழாகும் என்ற கூக்குரல் எழாமலில்லை. 2023-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறிய மசோதா, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரையில் வேலை வாங்க இடங்கொடுத்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததன்மேல் மே முதல் தேதியன்று அது வாபஸ் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

அந்த மசோதாவுக்காக வாதாடியவர்கள் வாரத்துக்குரிய 48 மணி மாறவில்லையே, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் இளைப்பாறலாமே என்றார்கள். எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே நியாயம். ஆகையால் இதை ஒதுக்கிவிடாமல் அபேயின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். களைப்புக்குப் பேரேடு தினந்தோறும் முடிக்கப்பட வேண்டியது, வாரத்துக்கொருமுறை அன்று. பன்னிரண்டு மணி நின்றவனுக்கு, வீட்டுக்குப் போகவும், உண்ணவும், உறங்கவும் மீதியிருப்பது பன்னிரண்டே மணி. திங்கட்கிழமை நின்ற பாக்கி செவ்வாய்க்கிழமை வேலையிற் சேரும். வியாழக்கிழமையன்று யந்திரத்தின் முன்னே நிற்பவன் அந்த மூன்று நாள் கடனையும் சுமந்தே நிற்பான். வெள்ளிக்கிழமை கிடைக்கும் ஓய்வு வியாழக்கிழமை நசுங்கிய விரலை ஒட்டவைக்காது.

வாரத்துக்கு எழுபது மணியும் தொண்ணூறு மணியும் உழைத்தாலே தேசம் முன்னேறும் என்று செல்வந்தர்கள் சிலர் சமீப வருஷங்களில் நம் வாலிபர்களுக்கு உபதேசித்து வருகின்றனர். தேச பக்தியின் பெயரால் கேட்கப்படுவதால் அந்த உபதேசத்தை மறுக்கச் சிலர் கூசலாம். கூச வேண்டியதில்லை. உபதேசம் செய்வோரை நாம் கேட்பது ஒன்றே: சம்பளப் புத்தகத்தைத் திறந்து, விகிதத்தை மாற்றாமல், ஒரு வருஷம் பரீக்ஷித்து, கணக்கைக் காட்டுங்கள். அபே காட்டினார். தேசத்தின் செல்வம் ஆலையின் கடிகாரத்தில் இல்லை. அதன் முன்னே நிற்கும் மனிதனுடைய தேகத்திலும் அறிவிலும் இருக்கிறது. அதை நாற்பத்தெட்டு வயதில் தீர்த்துவிடுகிற நாடு தன் மூலதனத்தையே செலவழித்து வாழும் நாடாகும்.

தொழிலாளர் ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நம் நண்பர்கள் மேடைகளில் தருமத்தைச் சொல்லட்டும், அது சொல்லத்தக்கதே. அதனோடு இந்த யேனா அறிஞரின் கணக்கையும் கையில் வைத்திருக்கட்டும். தருமத்துக்குத் தலையசைத்துவிட்டுப் போகிறவனும் கணக்குக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.